வலது கைப் பொய்

அத்தியாயம் 5

சைக்கிளுக்குக் கைவிலங்கு மாட்டியிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். அந்தப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் பூட்டும் சங்கிலியும் தீர்ந்துபோய்விட்டதாம். சார்ஜென்ட் மெஹாரி தன் இடுப்பிலிருந்த விலங்கைக் கழற்றி, ஒரு வளையத்தை ஜன்னல் கம்பியிலும் இன்னொன்றைச் சைக்கிளின் பின்கம்பியிலும் மாட்டி வைத்திருந்தார்.

"ஐயாவுக்கு வக்கீல் வெச்சாச்சா சார்?" என்று சைக்கிளைக் காட்டிக் கேட்டேன்.

சார்ஜென்ட் சிரிக்கவில்லை. திர்ஹாஸ் என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"ஒக்பே, வாய மூடிக்கிட்டு வண்டியப் பிடி."

திர்ஹாஸ் இருபது வருடம் சைக்கிள் பந்தயங்களில் நேரம் குறித்தவள். நேரம் பார்க்கிற கடிகாரம் இன்னும் அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. யாராவது பொய் சொல்ல ஆரம்பித்தால் அவள் கட்டைவிரல் தானாக அதன் பொத்தானுக்குப் போகும். எங்கள் அஸ்மாரா நகரில் துப்பறிவதற்குத் தனியாக ஆபீஸ் வைத்திருப்பது அவள் ஒருத்திதான். அந்த ஆபீசில் ஒரு நாற்காலி அவளுடையது, உடைந்த நாற்காலி என்னுடையது.

நான்கு நாள் முன்பு, ஊரே கடையடைத்து மதியத் தூக்கம் போடுகிற இரண்டு மணிக்கு, இந்தச் சைக்கிள் யூக்கலிப்டஸ் சரிவில் இறங்கி, அடிவாரத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம் விற்றுக்கொண்டிருந்த லெம்லெம் அம்மாவின் மேல் போய் மோதியது. அந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்து, அதே இடத்தில் மயக்கம். ஓட்டியவர் யாரென்று அந்த அம்மா பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, "நான்தான் மோதினேன்" என்று தானாகவே ஒப்புக்கொண்டவர் கிடானே.

கிடானே என்றால் எங்கள் ஊரில் சும்மா இல்லை. மூன்று தடவை நாட்டின் சாம்பியன். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவர் வீசியெறிந்த தண்ணீர்க் குப்பிக்காக நான்கு பேரோடு அடித்துப் புரண்டு பொறுக்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

"மனுஷன்னா அவர்தான். வேற யாராவதா இருந்தா ஓடிப் போயிருப்பான்" என்று ஊரே மெச்சியது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'வலது கையால் முன் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தினேன். பிடிக்கவே இல்லை.'

அந்த ஒரு வரியால் பழி ஹப்தே தலையில் விழுந்தது. ஹப்தே மெக்கானிக். அதற்கு முன்னால் பந்தயக்காரர், கிடானேயின் அணியில் கிடானேக்காகவே மிதித்தவர். எதிர்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் போவார். கடைசிக் கிலோமீட்டரில் விலகி வழிவிடுவார். கோப்பை கிடானேக்கு. முதுகு வலியால் இனி குனிந்து ஓட்ட முடியாது என்று கிடானே தன் பழைய பந்தய சைக்கிளை ஹப்தேயிடம் கொடுத்து, ஆட்டுக்கொம்பு ஹேண்டிலை எடுத்துவிட்டு நேர்க்கம்பி ஹேண்டில் மாட்டச் சொன்னார். ஹேண்டில் மாறினால் பிரேக் லீவரும் மாறவேண்டும். தப்பான லீவரை மாட்டிக் கொடுத்துவிட்டார் என்பதுதான் ஹப்தே மேல் வழக்கு.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஹப்தே உள்ளே போவார், பட்டறைக்குச் சீல். நேற்று எங்களை வரச்சொல்லி வாக்குமூலத்தின் நகலை நீட்டினார். காகிதம் மடிப்பில் கிழிகிற அளவுக்கு நைந்திருந்தது. ஓரத்தில் கிரீஸ் பூசிய கட்டைவிரல் தடம்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று திர்ஹாஸ் கேட்டதற்கு, "இல்ல" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். தான் மாட்டிய லீவரைப் பற்றிச் சொன்னதைத் தவிர, அவ்வளவுதான் அவர் பேசியது.

காவல் நிலைய முற்றத்தில் திர்ஹாஸ் சைக்கிளைச் சுற்றி வந்தாள். சார்ஜென்ட் முனகிக்கொண்டே விலங்கைக் கழற்றிவிட்டார். அவள் இடது லீவரை இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினாள். கல் மாதிரி விறைப்பாக நின்றது லீவர். ஆனால் முன்சக்கரம் பாட்டுக்கு உருண்டது. வலதை அழுத்தினாள். பின்சக்கரமும் அப்படியே.

"கை வலிக்குது, வண்டி நிக்கல" என்றாள்.

"என் கல்யாணத்துக்குப் பாத்த பொண்ணு வீடு மாதிரி, எவ்வளவு கெஞ்சினாலும் மசியல" என்றேன். "அக்கா, லீவர் இவ்வளவு டைட்டா இருக்கு, அப்புறம் ஏன் பிடிக்கல?"

"கதவ எங்க பிடிச்சுத் தள்ளுவ?"

"கைப்பிடிகிட்ட."

"கீல்கிட்ட பிடிச்சுத் தள்ளிப் பாரு. அதேதான் இது. இந்த லீவர் மலை சைக்கிளோடது. ஒரே அழுத்துல கேபிள நெறைய இழுக்கும், பலம் கம்மி. நீளக் கை வெச்ச பிரேக்குக்கு அதான் தேவை. இந்தப் பழைய பந்தய வண்டியில இருக்கறது குட்டை இடுக்கி. அதுக்குக் கேபிள் கொஞ்சமா இழுபட்டாப் போதும், ஆனா பலமா இழுபடணும். ரெண்டையும் ஜோடி சேத்தா இப்படித்தான், லீவர் கல்லா இருக்கும், சக்கரம் நிக்காது."

"இது ஹப்தேக்குத் தெரியாதா?"

"ஹப்தேக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? குட்டை இழுப்பு லீவர் வேணும்னு ஒரு மாசம் ஊரெல்லாம் தேடி, பழைய இத்தாலிய வண்டியில இருந்து ஒரு ஜோடி எடுத்து மாட்டினேன்னு சொல்றாரு. அந்த ஜோடிதான் இங்க இல்ல."

சொல்லிக்கொண்டே குனிந்தவள் பின் டயரின் மேல் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே மட்டும் டயர் வழவழவென்று தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்தது.

"சறுக்கல்" என்றேன். "சக்கரம் சுத்தாம நின்னு, ரோட்டுல தேஞ்சுக்கிட்டே போயிருக்கு."

"சக்கரத்த நிறுத்தற அளவுக்குப் பிரேக் பிடிச்சிருக்கு." கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த லீவரால அது முடியுமா?"

நான் வலது லீவரைப் பிடித்து, இருக்கிற பலமெல்லாம் கொடுத்து அழுத்தினேன். அவள் தள்ளினாள். பின்சக்கரம் சாவகாசமாக உருண்டது. சார்ஜென்ட் மெஹாரியின் முகம் மாறியது.

"அப்போ விபத்து நடந்த நேரத்துல..." என்றார் அவர்.

"வேற லீவர் இருந்திருக்கு. நல்ல லீவர். சார், விபத்து நடந்தன்னிக்கே வண்டி உங்ககிட்ட வந்துச்சா?"

"இல்ல. மறுநாள் மத்தியானம் கிடானேயே கொண்டுவந்து விட்டாரு. எவ்வளவு பெரிய மனுஷன்!"

திர்ஹாஸின் கட்டைவிரல் கடிகாரத்தின் பொத்தானுக்குப் போனது. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

---

அஸ்மாராவில் இரும்பாக எது செத்தாலும் மெதெபெர் சந்தையில் மறுபிறவி எடுக்கும். தகர டப்பா அடுப்பாகும், அடுப்பு ஜன்னலாகும். சுத்தியல் சத்தத்தில் அங்கே யாரும் மெதுவாகப் பேசவே முடியாது. சைக்கிள் சாமான்கள் விற்கிற ஹிவெத் அக்காவின் குரலோ சுத்தியலையே அடக்கும்.

"இதுவா?" என்றாள், நான் வரைந்து கொண்டுபோயிருந்த லீவரின் படத்தைப் பார்த்து. "என்னப்பா இது, பல்லி மாதிரி வரைஞ்சிருக்க? மலை சைக்கிள் லீவர். ஒரு பெட்டி நெறைய வந்துச்சு. ஒருத்தன் சீண்டல. ஒரே ஒரு ஜோடிதான் போச்சு."

"யாரு வாங்கினாங்க?"

"வாங்கல. மாத்திக்கிட்டாரு. நம்ம கிடானே!" அவள் முகமெல்லாம் பூரிப்பு. "அவர்கிட்ட போய்க் காசு கேப்பேனா? சும்மா எடுத்துக்கங்கன்னேன். கேக்க மாட்டேன்னுட்டாரு. பழைய ஜோடி ஒண்ணக் கொடுத்துட்டுப் போனாரு."

திர்ஹாஸ் அமைதியாகக் கேட்டாள். "என்னிக்கு?"

"மரியாள் நாள் காலையில. நான் கோயிலுக்குப் போக நெத்தலாச் சால்வையப் போத்திக்கிட்டுக் கெளம்பறேன், அவசரமா வந்து நிக்கறாரு."

மரியாள் நாளுக்கு முந்தின மதியம்தான் விபத்து.

"அக்கா, வேற யாரோ அவர மாதிரி..." என்று இழுத்தேன்.

"ஏன்டா, எனக்குக் கிடானேயத் தெரியாதா?" என்று ஹிவெத் சீறினாள். "அதுல இன்னொரு கூத்து கேளு. ஒன்றரை மாசம் முன்னாடி ஹப்தேயும் அவரும் சேந்து இங்கதான் லீவர் தேடிக்கிட்டு நின்னாங்க. கிடானே இதே ஜோடியக் கையில எடுத்து, 'பளபளன்னு இருக்கே, இதயே மாட்டிடுடா'ன்னாரு. ஹப்தே வெடுக்குன்னு பிடுங்கிப் பெட்டியில போட்டாரு. 'ஓசியில கொடுத்தாலும் இத மாட்டாத. உன் இடுக்கிக்கு இது சேராது. சரிவுல இறங்கினா நிக்காது, எவனையாவது கொன்னுடுவ'ன்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தாரு. அவ்வளவும் கேட்டுட்டு, கடைசியில அதயேதான் வந்து எடுத்துட்டுப் போறாரு. வயசானா புத்தி இப்படியா போகும்?"

நானும் திர்ஹாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. புத்தி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. இவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று பயந்து நண்பன் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே அந்த நண்பனுக்குக் குழி வெட்டியிருக்கிறார்.

"பழைய ஜோடி இருக்கா?" என்றாள் திர்ஹாஸ்.

ஹிவெத் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்து, கனமான இரண்டு பழைய லீவர்களை எடுத்துப் போட்டாள். திர்ஹாஸ் இடது லீவரைத் திருப்பிப் பார்த்தாள். விரல் படுகிற ஓரத்தை அரத்தால் பொறுமையாக ராவி, பூப்போல வழுவழுப்பாக்கியிருந்தார்கள். உள்பக்கமாகக் கொஞ்சம் வளைத்தும் இருந்தது. வலது லீவரில் அந்த வேலை எதுவும் இல்லை.

"இடதுல மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?" என்று என்னைக் கேட்டாள்.

"அவரோட இடது மோதிர விரல் ஒரு பந்தயத்துல ஒடஞ்சு வளஞ்சு போச்சு. அது ஊருக்கே தெரியும்."

"அது சரி. பின் பிரேக் லீவருக்கு யாராவது இவ்வளவு ராவுவாங்களா?"

எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் எந்தச் சைக்கிளை எடுத்தாலும் வலது கைதான் முன் பிரேக். எங்களை ஆண்ட இத்தாலியர்கள் விட்டுப்போன பழக்கம். நான் பிறந்ததிலிருந்து வேறு மாதிரி பார்த்ததே இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"அதான்" என்றாள். "எல்லாரும் அப்படியே நெனச்சுட்டோம். சார்ஜென்ட், நீ, வாக்குமூலத்தப் படிச்ச அத்தன பேரும். நான்கூட முற்றத்துல இடது லீவர அழுத்திட்டு முன்சக்கரத்தத்தான் பாத்தேன். பாத்துட்டும் எனக்கு உறைக்கல."

---

கிடானே தினமும் சாயங்காலம் உட்கார்கிற காபிக் கடையில், அதே மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மக்கியாத்தோ காபி ஆறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, தோளோடு தோள் இடித்து வணக்கம் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். திருப்பிச் சிரிக்கத்தான் எனக்கு வரவில்லை.

"ஹப்தேக்காக அலையறீங்களாமே. நல்லது" என்றார். "எனக்கும் மனசு கேக்கல. ஆனா என்ன பண்றது, நடந்தத நடந்தபடிதானே சொல்லணும்?"

"சொல்லுங்க" என்றாள் திர்ஹாஸ். "எந்தக் கையால பிரேக் பிடிச்சீங்க?"

"வலது கை. முன் பிரேக். எழுதியே கொடுத்திருக்கேனே."

"உங்க வண்டியில முன் பிரேக் இடது கையில இருக்கு."

அவர் காபிக் கோப்பையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"வெளிநாட்டு அணியில ரெண்டு வருஷம் ஓட்டினீங்க. அங்க முன் பிரேக் இடது. பழகிடுச்சு. திரும்பி வந்த நாள்ல இருந்து ஹப்தே உங்க வண்டிக்கு மட்டும் கேபிள மாத்தித்தான் மாட்டுவாரு. உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். இல்லன்னு சொல்லுங்க பாப்போம்." செய்தித்தாளில் சுற்றியிருந்த பழைய லீவர்களைப் பளிங்கு மேஜையில் வைத்தாள். "மரியாள் நாளுக்குக் கொடுத்த காணிக்கை. ஹிவெத் பத்திரமா வெச்சிருந்தா."

கிடானே லீவர்களைப் பார்த்தார். ராவி வழுவழுப்பாக்கிய அந்த ஓரத்தை அவர் விரல் தொட்டுவிட்டு விலகியது.

"ஓட்டினது நீங்க இல்ல" என்றாள் திர்ஹாஸ். "நீங்களா இருந்தா இடது கை தானா முன் பிரேக்கப் பிடிச்சிருக்கும், வண்டி நின்னிருக்கும். இந்த ஊர்க் கை ஒண்ணு ஓட்டியிருக்கு. முன் பிரேக்குன்னு நெனச்சு வலத அழுத்தியிருக்கு. கெடச்சது பின் பிரேக். சக்கரம் சறுக்கி டயர் நூல் தெரியத் தேஞ்சு, வண்டி நிக்காமப் போய் அந்தம்மா மேல மோதியிருக்கு. 'வலது கையால முழுசா அழுத்தினேன், பிடிக்கல'. இது உங்க வார்த்தை இல்ல. வீட்டுக்குள்ள நடுங்கிக்கிட்டே ஓடிவந்த ஒருத்தன் உங்ககிட்ட சொன்ன வார்த்தை. அப்படியே எழுதிட்டீங்க."

"நாஹோம்" என்றேன். நாஹோம் அவருடைய ஒரே மகன். தேசிய அணியில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் பந்தயத்துக்கு விமானம் ஏறவேண்டியவன்.

கிடானே லீவர்களைச் செய்தித்தாளால் மூடினார். பிறகு, "அவனுக்குப் பத்தொம்பது வயசு" என்றார். "கேஸ் வந்தா நாட்ட விட்டு வெளிய விடமாட்டாங்க. இந்த வாய்ப்பு போனா அவன் கதை முடிஞ்சுது."

"சரி, அவனக் காப்பாத்த நீங்க பழி ஏத்துக்கிட்டீங்க. அதோட விட்டிருக்கலாமே? லீவர ஏன் மாத்தினீங்க?"

"நான் உள்ள போனா வீட்ட யாரு பாப்பா? பிரேக் தப்புன்னு ஆனா யாருக்கும்..." அவர் முடிக்கவில்லை.

"ஹப்தேக்கு?" என்று கத்திவிட்டேன். காபிக் கடையே திரும்பிப் பார்த்தது. "ஹப்தே அண்ணன் உள்ள போனா?"

"அவன் தாங்குவான்." சொல்லும்போது அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "அவன் எப்பவும் எனக்காகத் தாங்கினவன்தானே."

கடைக்காரர் வழக்கம்போல இன்னொரு மக்கியாத்தோவை இனாமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க சாம்பியன்!" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வயதில் அந்தக் குப்பிக்காக எவனுடைய உதட்டையோ கிழித்தேனே, அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது.

திர்ஹாஸ் எழுந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு முன்னாடி நீங்களே சார்ஜென்ட்கிட்ட போய்ச் சொல்லுங்க. பையனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. போகலைன்னா நான் போவேன்."

---

பட்டறையில் ஹப்தே ஒரு சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். திர்ஹாஸ் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கம்பியை இறுக்குவார், சுற்றி விடுவார், பார்ப்பார், அடுத்ததை இறுக்குவார். அவள் முடிக்கிற வரைக்கும் அவர் கை நிற்கவில்லை.

"இனி உங்களுக்குப் பயமில்ல" என்றாள். "சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் சக்கரத்தைக் கீழே வைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து வாக்குமூல நகலை எடுத்துப் பார்த்தேன். கிரீஸ் பூசிய கட்டைவிரல் தடம் எந்த வரிக்கு நேராக இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது வரி.

"அண்ணே" என்றேன். "உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"முப்பது வருஷமா அவன் கைக்குப் பிரேக் வெச்சவன் நான். வலது கைன்னு படிச்சதுமே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் எதுக்கு எங்களக் கூப்பிட்டீங்க?" என்றாள் திர்ஹாஸ்.

"நீங்க ரெண்டு பேரும் ஊரெல்லாம் அலைஞ்சுட்டு வந்து, 'ஹப்தே, நீ தப்பா நெனச்சுட்ட, அவன் அப்படிப்பட்டவன் இல்ல'ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நக்கலடிக்க எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்காத நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கிடானே மகனோடு காவல் நிலையத்துக்குப் போனார். ஹப்தே மேல் போட்ட வழக்கு பத்தரைக்குள் கிழிந்தது. நாஹோமின் பயணம் நின்றது. விலங்கு கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து, கிடானே பட்டறை வாசலில் வந்து நின்றார். ஜாமீனில் வந்திருந்தார். எங்கள் கூலியைப் பேச வந்திருந்த திர்ஹாஸும் நானும் ஒதுங்கினோம்.

"ஹப்தே" என்றார் கிடானே. கண் சிவந்திருந்தது. "இத... பழையபடி பண்ணிக் கொடுடா."

ஹப்தே வண்டியை வாங்கித் தாங்கியில் ஏற்றினார். பளபளப்பான லீவர்களைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கிடானே கொண்டுவந்திருந்த பழைய லீவர்களை மாட்டினார். பிரேக் கட்டைகளை ரிம்மிலிருந்து ஒரு நூல் இடைவெளிக்குக் கொண்டுவந்தார். ஒரு சின்ன வேலையைக்கூட அவர் அவசரமாகச் செய்யவில்லை. பிறகு முன் பிரேக்கின் கேபிளை எடுத்து, வளைத்து, வலது லீவரில் கோத்தார்.

கிடானே ஒரு அடி முன்னால் வந்தார். "டேய், முன்னது இடது கையிலதானே வரணும்?"

ஹப்தே திருகை இறுக்கி முடித்து, லீவரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்து, வண்டியை இறக்கி அவர் கையில் கொடுத்தார்.

"இங்க வர்றவங்க எல்லாருக்கும் வலது பக்கம்தாங்க" என்றார். "பாத்துப் போங்க."